இறுதி ஆண்டில் எந்தப் பாடம்?



1983-இல் தோன்றிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் மார்க்க அறிவையும் சமூக இயலையும் ஒருசேரப் போதிக்கிறார்கள். ஜொகூரிலிருந்து இத்தகைய படிப்புக்குச் செல்லும் பிள்ளை சமூக இயலும் தத்துவமும் பயின்று, இறுதி ஆண்டுப் பாடங்களைத் தெரிந்தெடுக்கும்போது, "எதில் வேலை கிடைக்கும்?" என்றே நாம் கேட்கிறோம். கேள்வி தவறன்று, ஆனால் போதாது.

1377-இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், விலைகள் ஏறி இறங்குவதன் காரணங்களை ஆராய்ந்தார். வணிகரின் குணத்தைக் குறையும் கூறினார். அவருக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்), 'இஹ்யா'வில் பொருளீட்டும் ஒழுக்கத்திற்கென ஒரு பகுதியே வகுத்து, சரக்கின் குறையை மறைத்து விற்பதைக் கண்டித்தார்.

கடைத்தெருவில் நடப்பது என்ன என்பது ஒரு கல்வி. நடக்க வேண்டியது என்ன என்பது மற்றொரு கல்வி. முன்னதை மட்டும் கற்றவன் "ஊர் வழக்கம்" என்று நின்றுவிடுவான். பின்னதை மட்டும் கற்றவன் ஊர் அறியாமல் நியாயம் பேசுவான். தராசுக்குத் தட்டு இரண்டு வேண்டாமா?

ஆகவே கூலி, வட்டி, வறுமை, நீதி என இரண்டும் சந்திக்கும் பாடங்களைப் பிள்ளைகளே தேர்ந்து கொள்ளட்டும். கட்டணம் கட்டியதால் அவர்கள் கேட்கும் கேள்வியையும் விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணலாகாது. நாளை நம் கிட்டங்கியைப் பார்த்து, "அத்தா, இந்த மூட்டைகள் விலை ஏறவா காத்திருக்கின்றன?" என்று பிள்ளை கேட்கலாம். நமக்குக் கோபம் வரும். ஆயினும் நாம் செலவிட்ட பணத்தின் லாபம் அந்தக் கேள்விதான்.

வஸ்ஸலாம்.