சர்வரின் மந்தமும் காரணம் அறியும் நெறியும்

10 ஜிகாபிட் வேகத்துக்கென்று வாங்கிய நெட்வொர்க் கார்டு 3 ஜிகாபிட்டைத் தாண்ட மறுத்தால், எந்த செட்டிங்கை மாற்றுவது என்பதே முதலில் எழும் கேள்வி. அதற்கும் முன்னால் நிற்கும் கேள்வி மிகப் பழையது. கண்ணுக்குப் படாத ஒரு காரணத்தை, கண்ணுக்குப் படும் அறிகுறியை வைத்து, 'இதுதான்' என்று எந்த நிலையில் சொல்லலாம்? இந்தியத் தருக்கம் இதை அளவை என்ற பெயரில் ஆராய்ந்தது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிக் காட்டுகிறான். 29ஆம் காதையில் அறவண அடிகள் காண்டல், கருதல் என்ற இரண்டோடு நின்றுகொண்டு, கருதல் எங்கெங்கே பிழைபடும் என்பதை விரிவாகச் சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் மற்றவற்றை அடக்கினார். சர்வரைப் பழுது பார்ப்பவரின் கையில் இருப்பவையும் இந்த மூன்றுதான். கருவி காட்டும் எண் காண்டல். அந்த எண்ணிலிருந்து எட்டும் முடிவு கருதல். கையேடும் முன்னவர் எழுதி வைத்த குறிப்பும் உரை.

முதலில் காண்டல். 10 ஜிகாபிட் இணைப்பில், வழக்கமான 1500 பைட் பாக்கெட்டுகள் நொடிக்கு 8 லட்சத்துக்கு மேல் வரலாம். மிகச் சிறிய பாக்கெட்டுகளானால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 67 நானோ நொடிதான் இருக்கும். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் நேரில் பார்ப்பதில்லை. கார்டு பாக்கெட்டை வாங்கி நினைவகத்திலுள்ள ரிங் பஃபரில் எழுதுகிறது. இன்டரப்ட் மூலம் சிபியுவை எழுப்புகிறது. கெர்னல் அதை எடுத்து உரிய சாக்கெட்டில் சேர்க்கிறது. கடைசியில் மென்பொருள் படிக்கிறது. ஒவ்வொரு படியிலும் பாக்கெட் தவறி விழ இடமுண்டு. விழுந்ததைச் சொல்லும் எண்ணியும் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் தனித்தனியாக இருக்கிறது. 'பாக்கெட் போகிறது' என்ற ஒற்றைப் புகார் அந்த நிலையில் ஐயக்காட்சி மட்டுமே. தூரத்தில் நிற்பது தூணா ஆளா என்று தெரியாதது போல, விழுந்த இடம் கேபிளா, ரிங் பஃபரா, சாக்கெட்டா என்று அதில் தெரிவதில்லை.

ஐயத்தைவிட அபாயமானது, ஒன்றை மற்றொன்றாகக் காணும் திரிவு. இதற்கு இந்தத் துறையில் தெளிவான உதாரணம் உண்டு. சர்வரில் டிசிபிடம்ப்பை ஓட்டி, வெளியே போகும் பாக்கெட்டுகளைப் பார்க்கிறார் ஒருவர். வரிக்கு வரி செக்சம் தவறு என்று திரையில் ஓடுகிறது. கார்டு பழுதாகிவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். உண்மையில் செக்சம் கணக்கிடும் வேலையைக் கெர்னல் கார்டிடம் ஒப்படைத்திருக்கிறது. டிசிபிடம்ப் பாக்கெட்டைப் படியெடுப்பது அது கார்டுக்குள் நுழைவதற்கு முன்னால். அந்த நேரத்தில் செக்சம் இன்னும் நிரப்பப்படவில்லை. அதே பாக்கெட்டை எதிர்முனையில் பிடித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். 1500 பைட்டுக்கு மேல் போகக் கூடாத இணைப்பில் 64,000 பைட் நீளமுள்ள பாக்கெட் தெரிவதற்கும் இதே விளக்கம்தான்: துண்டு போடும் வேலையும் கார்டுடையது. இங்கே கருவி பொய் சொல்லவில்லை. முடியாத ஒன்றை முடியாத நிலையில் உள்ளபடியே காட்டியது. அதை முடிந்த ஒன்றாக எடுத்துக்கொண்டதில்தான் திரிவு. எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதும் காட்சியின் பகுதி என்ற உண்மை இதைவிடக் கண்கூடாகத் தெரியும் இடங்கள் குறைவு.

அடுத்தது கருதல். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் கண்டது போல என்ற சான்று தருக்க நூல்களில் வழக்கமாக வருவது. இதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கும் என்றால் நிற்காது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. புகை வர ஈர விறகு வேண்டும். சொல்லாமல் விட்ட இந்த நிபந்தனையை நியாய மரபு உபாதி என்றது. சர்வர் பழுதுகளில் தவறிப்போகும் முடிவுகள் பெரும்பாலும் இந்த ஈர விறகைக் கவனிக்காத முடிவுகளே.

'பிங் போகிறது, ஆகவே இணைப்பில் குறையில்லை' என்பது அப்படி ஒன்று. 100 மெகாபிட் இணைப்பில் ஒரு முனையை முழு டூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டிவிட்டு, மறுமுனையைத் தானியங்கி ஒப்பந்தத்துக்கு விட்டால், மறுமுனை வேகத்தை மின்குறிப்பிலிருந்து கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால் விதிப்படி அரை டூப்ளெக்ஸில் நிற்கும். ஒரு முனை பேசிக்கொண்டே கேட்கிறது. மற்றது, தான் பேசும்போது எதிர்முனையும் பேசினால் மோதல் என்று நிறுத்திவிடுகிறது. நொடிக்கு ஒரு பிங் என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பேச வாய்ப்பு அரிது. எல்லாம் சுகமாகத் தெரியும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கியதும் வேகம் படுத்துவிடும். ஒரு முனையில் பிந்திய மோதல்களும் மறுமுனையில் சிஆர்சி பிழைகளும் ஏறும். நல்ல இணைப்பிலும் கெட்ட இணைப்பிலும் பிங் ஒன்றுபோலவே போகிறது. இரு பக்கமும் காணப்படும் இத்தகைய ஏதுவை மணிமேகலை அநைகாந்திகம் என்று ஏதுப் போலிகளில் சேர்க்கிறது.

மந்தம் என்றால் கார்டின் குறை என்ற முடிவும் இதே வகை. பாக்கெட் போய்த் திரும்ப 100 மில்லி நொடி ஆகும் ஊருக்கு 64 கிலோபைட் சாளரத்தோடு ஒரு டிசிபி இணைப்பு ஓடினால் கிடைப்பது 5 மெகாபிட் சொச்சம். கார்டு 1 ஜிகாபிட்டோ 100 ஜிகாபிட்டோ, அந்தக் கணக்கு மாறாது. இரட்டை முனை கொண்ட 10 ஜிகாபிட் கார்டை, நான்கு தடம் மட்டுமே உள்ள இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் செருகினால், இரண்டு முனைக்கும் சேர்த்து 16 ஜிகாபிட் தாண்டாது. முதல் வழக்கில் ஈர விறகு தூரம், இரண்டாவதில் செருகிய இடம்.

காரணத்தைக் கண்டதாகச் சொல்ல என்ன வேண்டும் என்பதற்கு நியாயமும் பௌத்தமும் கேட்பது அன்வயம், வெதிரேகம் என்ற இரண்டு. இது இருந்தால் அது இருக்க வேண்டும்; இது நீங்கினால் அது நீங்க வேண்டும். 1843இல் வெளியான தருக்க நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த முறைகளிலும் இந்த இரண்டின் சாயல் உண்டு. குடம் உருவாகுமுன் மண் சுமந்த கழுதை அங்கே நின்றதுதான். ஆனாலும் குடத்துக்குக் கழுதை காரணமாகாது, அது இல்லாமலும் குடம் வரும் என்கின்றன நியாய நூல்கள். ஒரே மூச்சில் ஐந்து செட்டிங்கை மாற்றி, சர்வர் வேகமானதும் ஐந்தையும் காரணமாக எழுதி வைப்பவர் நான்கு கழுதைகளையும் சேர்த்தே எழுதுகிறார். சர்வரை அணைத்துப் போடுவது இன்னும் மோசம். மந்தம் போவதோடு எண்ணிகளும் பூஜ்யத்துக்குத் திரும்புகின்றன. குற்றத்தோடு சாட்சியும் அழிகிறது.

நெறிப்படி செய்தால் எப்படி இருக்கும்? இன்டரப்ட் எண்ணிக்கைப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு நெடுவரிசை. கார்டின் வரியில் முதல் சிபியுவின் எண் மட்டும் விறுவிறுவென்று ஏறுகிறது, மற்றவை அசையவில்லை. அந்த ஒரு சிபியு நூறு சதவீதத்தில் திணறுகிறது. கார்டின் பல வரிசைகளை இயக்கி, அவற்றின் இன்டரப்டுகளைப் பல சிபியுக்களுக்குப் பிரித்ததும் பாக்கெட் இழப்பு நிற்கிறது. இதுவரை கிடைத்தது, மாற்றம் இருந்தால் இழப்பு நிற்கும் என்ற அன்வயம் மட்டும். மாற்றத்தைத் திரும்பப் பெற்று, இழப்பு மீண்டும் வருகிறதா என்று பார்ப்பது வெதிரேகம். சரியான சர்வரை மறுபடி கெடுப்பதற்கு மனம் வராது; பெரும்பாலோர் இந்தப் படியில்தான் நிறுத்திக்கொள்கிறார்கள், அறிவும் அங்கேயே நின்றுவிடுகிறது. இதிலும் உபாதி உண்டு: ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே வரிசைக்குத்தான் போகும். சுமை முழுவதும் ஒற்றை இணைப்பில் இருந்தால் பிரிப்பதால் பயனில்லை.

இத்தனை செய்த பின்னும், நாளை வேறு காரணம் வெளிப்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று, கருதலை அளவையாக ஏற்காத சார்வாகர் கேட்பார். 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹ்யூமும் அதைக் கேட்டார். தருக்கத்தால் மட்டும் அந்த வாயிலை அடைக்க முடியாது. நியாய மரபின் உதயனர் தந்த விடை வேறு வகையானது: ஐயத்துக்கு எல்லை செயல். பசிக்கு உணவையும் புகைக்கு நெருப்பையும் தயங்காமல் நாடுபவர், அந்த உறவை ஐயப்படுவதாகச் சொன்னால் அவர் செயலே அவர் சொல்லை மறுக்கிறது. இந்த விடை முழு நிறைவு தராவிட்டாலும், பழுது பார்க்கும் அறையில் நேர்மையாக நிற்கக்கூடிய விடை இதுவே.

மூன்றாவது அளவையான உரையைக் கொள்ள, சொன்னவர் ஆப்தராக, பொருளை அறிந்து உள்ளபடி சொல்பவராக இருக்க வேண்டும். சொன்னது அந்த இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தவும் வேண்டும். டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள் என்ற லினக்ஸ் செட்டிங் பல ஆண்டுகள் வேகம் கூட்டும் குறிப்பாகக் கைமாறி வந்தது. ஒரே முகவரிக்குப் பின்னால் பல கணினிகள் இருக்கும் பயனாளர்களின் இணைப்புகளை அது ஓசையின்றி உதறியது. 2017இல் 4.12ஆம் பதிப்பில் கெர்னலிலிருந்தே அதை நீக்கினார்கள்.

பழுது நீக்குதல் காரணத்தைத் தேடினால், டியூனிங் பயனைத் தேடுகிறது. கார்டுக்கு இயல்பிலேயே நல்லது என்று ஒரு செட்டிங் கிடையாது. இன்டரப்டுகளைச் சில மைக்ரோ நொடி தாமதித்துக் கூட்டி அனுப்பினால் சிபியு இளைப்பாறும், ஒவ்வொரு பாக்கெட்டும் சற்றுக் காத்திருக்கும். காப்புப்பிரதி எடுக்கும் சர்வருக்கு அது வரம், உடனடி விடை தர வேண்டிய தரவுத்தளத்துக்குத் தண்டனை. பஃபரைப் பெருக்கினால் இழப்பு குறையும், வரிசை நீண்டு தாமதம் ஏறும். யாருக்காக என்று முதலில் முடிவு செய்யாமல் இவற்றைத் தொட முடியாது.

1996இல் மோகலும் ராமகிருஷ்ணனும் விவரித்த ஒரு நிலை இதை உச்சத்தில் காட்டுகிறது. பாக்கெட்டுகள் மிகும்போது சிபியு இன்டரப்டுகளுக்குப் பதில் சொல்வதிலேயே முழு நேரமும் கழித்து, வந்தவற்றில் ஒன்றையும் முடித்துத் தர முடியாமல் போகிறது. இதைத் தவிர்க்க, லினக்ஸின் நாபி முறையில், வெள்ளம் வந்ததும் கார்டின் இன்டரப்ட் நிறுத்தப்படுகிறது. கெர்னல் தானே போய் அள்ளுகிறது. ஒரு சுற்றுக்கு வழக்கமாக 300 பாக்கெட், அல்லது சில மில்லி நொடி, அதன் பின் மற்ற வேலைகளுக்கு இடம். வேலை மிச்சமிருக்கையிலேயே இந்தப் பங்கு தீர்ந்த தடவைகளை சாஃப்ட்நெட் புள்ளிவிவரத்தின் மூன்றாவது நெடுவரிசை எண்ணி வைக்கிறது. அந்த எண் ஏறுவது பிழைக்கு அடையாளமாகாது. பங்கை 600 ஆக்கலாமா என்பது, அதே சிபியுவில் தன் முறைக்காகக் காத்திருக்கும் மற்ற மென்பொருள் எது, அது எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதைப் பார்த்து முடிவாகிறது.