பள்ளிக்கூடத்தின் கடைசி நாளும் அடியார்களின் ஹக்கும்



ஷஃபான் மாதத்தில் இருக்கிறோம். பிளஸ் டூ பொதுத் தேர்வும் நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடங்களில் பிரிவு உபசார விழா நடக்கும் நாட்கள் இவை. நேற்று அஸருக்குப் பிறகு நம் மஹல்லாப் பையன்கள் நான்கைந்து பேர் பள்ளிவாசல் வாசலில் நின்று, "ஹஜ்ரத், ஃபேர்வெல்லுக்கு ஒரே மாதிரி சட்டை எடுக்கிறோம், அது கூடுமா கூடாதா?" என்று கேட்டார்கள். சட்டை எடுப்பதில் ஒன்றுமில்லை, வாப்பாவின் சட்டைப்பையைப் பார்த்து எடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான், அந்த நாளைப் பற்றி அவர்களுக்குச் சொல்லவேண்டியது வேறொன்று இருக்கிறதே என்று மனதில் பட்டது. அதுதான் இன்றைய பயான்.

புகாரியில் வரும் ஒரு சம்பவம். மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் தம் கூட்டத்து வாலிபர்களோடு மதீனாவுக்கு வந்தார்கள். எல்லாரும் ஏறத்தாழ ஒரே வயதுப் பையன்கள். நம் பாஷையில் சொன்னால் ஒரே 'செட்'. அண்ணலாரிடம் இருபது இரவுகள் தங்கிப் படித்தார்கள். இருபதாவது நாள் நெருங்கும்போது, இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டது என்பதை நபி (ஸல்) அவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிப் போய் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், என்னைத் தொழக் கண்டபடியே தொழுங்கள், நேரம் வந்தால் ஒருவர் பாங்கு சொல்லட்டும், உங்களில் மூத்தவர் இமாமாக நிற்கட்டும் என்று சொல்லி வழியனுப்பினார்கள். ஒரு வகுப்பைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பும் ஆசிரியர் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை. மாலிக் (ரலி) அவர்கள் அதை அறிவிக்கும்போது முதலில் நினைவுகூர்வது அண்ணலாரின் இரக்கத்தையும் மென்மையையும்தான்.

இருபது இரவு போதும், ஓர் ஆயுளுக்கு நினைவு தங்க. நம் மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் 1904-ல் பாரதியார் தமிழாசிரியராக இருந்தது சில மாதங்கள்தான். நூறு ஆண்டு கடந்தும் அந்தப் பள்ளி அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சில மாதங்களுக்கே இப்படியென்றால், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஏழு வருடம் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

ஆண்கள் பள்ளி என்பது ஒரு தனி உலகம். மேலூரிலிருந்து ஒருவன், உசிலம்பட்டியிலிருந்து ஒருவன், சோழவந்தானிலிருந்து ஒருவன், நெல்பேட்டையிலிருந்து ஒருவன். டவுன் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். யார் எந்தச் சாதி, எந்த மார்க்கம் என்றில்லாமல் எல்லாரும் எல்லாருக்கும் மாப்ள, மச்சான். ஒரே டிஃபன் பாக்ஸில் நான்கு கை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது எங்கே? நம் மதுரையில், நெல்பேட்டைப் பக்கத்து ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே உப்புமாவைச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு நடுவே பிரிவினையை நட்டு வைப்பது லேசான வேலை இல்லை. ஆனால் நட்டு வைக்கிறார்களே!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பிளஸ் டூ படித்த ஒரு பையனை, அவனோடு படித்த பையன்களே, சாதியின் பேரால், வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பிள்ளை மருத்துவமனையில் கிடந்து மீண்டு, அடுத்த ஆண்டே தேர்வெழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். அதன் பிறகு அரசு நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் குழு அமைத்தது. கையில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டி வருவதைத் தடை செய்யவேண்டும் என்று 2024-ல் அந்தக் குழு பரிந்துரைத்தது. கயிறு கண்ணுக்குத் தெரியும், வாத்தியார் அவிழ்க்கச் சொல்லலாம். நாவில் கட்டியிருக்கும் கயிற்றை யார் அவிழ்ப்பது?

அபூதர் (ரலி) அவர்களை ரபதா என்ற ஊரில் ஒருவர் சந்தித்தார். அபூதர் அணிந்திருந்த அதே வகை ஆடையை அவருடைய பணியாளரும் அணிந்திருந்தார். எஜமானும் பணியாளும் ஒரே யூனிஃபார்ம்! ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் ஒரு பழைய தவறைப் பற்றியது. ஒரு முறை ஒரு மனிதரை அவருடைய தாயை வைத்து இழிவாகப் பேசிவிட்டார்கள். அண்ணலார் அதைக் கேட்டு, உன்னிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறதே என்று கண்டித்தார்கள். எவ்வளவு பெரிய ஸஹாபி! வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காகத் தம் உடையையே மாற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

சகோதரர்களே, இப்போது என் கதைக்கு வருகிறேன். மிம்பரில் நின்று சொந்தக் கதை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நான் அரபிக் கல்லூரிக்குப் போவதற்கு முன் மதுரைக்கு வெளியே ஒரு சிற்றூரில் ஆண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன். எங்கள் வகுப்பில் ஒரு பையன், மாற்று மதத்துச் சகோதரர். பேச்சு திக்கும். எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். அப்போது ஊருக்கு ஊர் தட்டச்சுப் பயிலகம் இருந்த காலம். அவனுக்கு 'டைப்ரைட்டர்' என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் முழுவதும் அந்தப் பெயர் பரவிவிட்டது. கடைசி நாளில் எல்லாரும் ஆட்டோகிராஃப் நோட்டை மாற்றி மாற்றிக் கொடுத்து எழுதினோம். அவனும் தன் நோட்டை என்னிடம் நீட்டினான். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'அன்புள்ள டைப்ரைட்டருக்கு' என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் வாங்கிப் படித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல் வருவதற்குள் நாங்கள் மறுபடியும் சிரித்துவிட்டோம். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான்.

ஏழு வருடம் கழித்து, இதே ஷஃபான் மாதத்தில், மத்ரஸாவில் எங்களுக்கு ஸனது கொடுக்கும் நேரம். புகாரி ஷரீஃபின் கடைசி ஹதீஸை ஓதி முடித்தோம். நாவுக்கு லேசாகவும் தராசில் கனமாகவும் இருக்கும் இரண்டு வார்த்தைகளைப் பற்றிய ஹதீஸ் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் உஸ்தாத் கிதாபை மூடிவிட்டு, எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளைகளா, உங்களை ஏசியிருக்கிறேன், அடித்தும் இருக்கிறேன். சிலது உங்கள் நன்மைக்காக. சிலது என் கோபத்துக்காக. எது எது என்று எனக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் பொருந்திக்கொள்ளுங்கள்." எழுபது வயதை நெருங்கிய ஆலிம், இருபத்தைந்து வயதுப் பையன்களிடம் கேட்டார். அழாதவர் யாருமில்லை. எனக்கு மட்டும் அழுகையோடு அந்த ஆட்டோகிராஃப் நோட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தராசைப் பற்றிய ஹதீஸை ஓதிய வாயல்லவா அது!

ரமலான் விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அவன் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா, "அவங்க திருப்பூருக்குப் போயி வருசமாச்சே தம்பி, பனியன் கம்பெனில வேலை" என்றார். விலாசம் அவரிடம் இல்லை. பிறகும் திருப்பூர் போகும்போதெல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இன்று வரை கிடைக்கவில்லை.

தொழுகையில் குறை வைத்தால் அல்லாஹ்விடம் அழுது கேட்கலாம், அவன் மன்னிப்பாளன். அடியானுடைய ஹக்கு அப்படியில்லை. யாருக்கு அநியாயம் செய்தோமோ அவர் மன்னிக்க வேண்டும். ஒருவருக்குச் செய்த தீங்கை, தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருவதற்கு முன் இன்றே அவரிடம் ஹலாலாக்கிக்கொள்ளும்படி அண்ணலார் சொல்லியிருக்கிறார்கள். தொழுகையும் நோன்பும் ஜகாத்துமாகக் கொண்டு வந்தவன், ஏசியவனுக்கும் அடித்தவனுக்கும் எல்லாவற்றையும் பங்கு கொடுத்துவிட்டு, கடைசியில் அவர்களுடைய பாவத்தையும் சுமந்துகொண்டு நிற்கும் அந்த 'முஃப்லிஸ்' பற்றிய முஸ்லிம் ஷரீஃபின் ஹதீஸும் தெரிந்ததுதான். நான் கேலி செய்தவர் முஸ்லிம் இல்லையே என்று யாராவது ஆறுதல் தேடினால், அந்தக் கதவும் அடைபட்டதே. நம்மோடு ஒப்பந்தத்தில் வாழும் பிற மதத்தவருக்கு அநியாயம் செய்பவனுக்கு எதிராக மறுமையில் நானே வாதாடுவேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். யார் வழக்கறிஞராக நிற்கப்போகிறார்கள், பாருங்கள்!

பட்டப்பெயர் எல்லாமே ஹராமா என்று பையன்கள் கேட்பார்கள். அலீ (ரலி) அவர்களை அண்ணலார் 'அபூ துராப்' என்று அழைத்தார்கள், மண்ணின் தந்தை. அதுதான் அலீ அவர்களுக்கு மிகப் பிடித்த பெயர். கூப்பிடப்படுகிறவன் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா? அதைப் பார்த்தால் தீர்ப்புத் தெரிந்துவிடும். சுருங்க வைக்கும் பெயர்களைத்தான் அல்லாஹ் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனத்தில் தடுக்கிறான்.

ஆகவே பிளஸ் டூ பிள்ளைகளே! பெஞ்சை உடைப்பதும், கலர்ப்பொடி தூவுவதும், பைக்கில் சைலன்சரைக் கழற்றிவிட்டு முறுக்குவதும் உங்கள் வேலை இல்லை. 2022-ல் வேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ பையன்கள் மேசை நாற்காலிகளை உடைத்த வீடியோவை ஊரே பார்த்தது. அந்த பெஞ்சு அடுத்த வருடம் உட்காரப் போகிறவனுடைய அமானத். உங்களுக்குக் கடைசி நாளில் வேறு வேலை இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிற ஹாஜி வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்கிறாரே, அந்த வேலை. நேரில் போய்க் கேளுங்கள். 'யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்' என்று பராஅத் இரவில் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் தள்ளிவிடுகிறோமே, அது செல்லாது. யாரையாவது இல்லை, உங்களுக்கே தெரியும் யாரை என்று. அவன் பெயரைச் சொல்லி, அவனுடைய சரியான பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லிக் கேளுங்கள்.

வகுப்பெடுத்த ஆசிரியர்களிடம் கேளுங்கள். கேலி பேசிய வாட்ச்மேன் ஐயாவிடம், சோறு போட்ட சத்துணவு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். எதிர்ப் பெட்டிக்கடையில் பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஷஹீதுடைய பாவங்களெல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று ஹதீஸில் வருகிறது. பத்து ரூபாயும் கடன்தான்.

ஏன் அன்றைக்கே என்கிறேன் என்றால், மறுநாள் அவன் இருக்கமாட்டான். ஒருவன் கோயம்புத்தூர், ஒருவன் சென்னை, ஒருவன் துபாய். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் வாகனத்தின் அருகே நடந்தே வந்து, முஆதே, இந்த ஆண்டுக்குப் பின் ஒருவேளை நீர் என்னைச் சந்திக்காமல் போகலாம் என்ற கருத்தைச் சொன்னபோது முஆத் அழுதார்கள். அப்படியே ஆனது.

இன்ஷா அல்லாஹ், இஷாவுக்குப் பிறகு தேர்வெழுதும் பிள்ளைகள் ஹுஜ்ராவுக்கு வாருங்கள், ஹால் டிக்கெட்டையும் கொண்டு வாருங்கள், துஆ செய்வோம். யாரிடம் எப்படிக் கேட்பது என்று தயக்கம் இருந்தாலும் வந்து சொல்லுங்கள், கூடவே நானும் வருகிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் தேர்வை லேசாக்குவாயாக. அவர்களோடு படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல வழியைத் திறப்பாயாக. எங்கள் உஸ்தாதுமார்களுக்கு ரஹ்மத் செய்வாயாக. யா அல்லாஹ், திருப்பூரிலோ வேறெங்கோ இருக்கும் அந்தச் சகோதரருக்கு நல்ல வாழ்வைக் கொடுப்பாயாக. அவரை நான் உயிரோடு இருக்கும்போதே என் கண்ணில் காட்டுவாயாக. ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.