போல்டு, சிக், ஃபிளேவர்

சொல்லின் பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறதா, பேசுவோரின் உடன்பாட்டில் இருக்கிறதா என்பது இந்தியத் தத்துவத்தில் நெடுநாள் நடந்த வழக்கு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாரும் உண்டாக்கியதன்று, என்றும் உள்ளது என்பர் மீமாம்சகர். இச்சொல் இப்பொருளைக் குறிக்கட்டும் என்ற ஏற்பாட்டால் வந்தது என்பர் நையாயிகர். ஆங்கிலம் கற்பவர் நாள்தோறும் இடறுவதும் இந்த இடத்தில்தான்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிப்போரிடம் 'போல்டு' என்றால் துணிச்சல் அல்ல, பருமன். சல்லடையை ஆட்டினால் சிறுகாய் கண் வழியே கீழே விழும். மேலே தங்கும் பருத்த பச்சைக் காய்தான் போல்டு. 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்பது அக்மார்க் தரப்பெயரே. மலைத்தோட்டத்தில் 'ஸ்டோர்' என்றால் கடை அல்ல, காய் உலர்த்தும் கட்டடம். அகராதியோடு வருபவர் இங்கே திகைப்பார். பள்ளிக்கே போகாத தொழிலாளி திகைக்கமாட்டார்.

நன்னூல் இத்தகைய வழக்கைப் பிழையென்று தள்ளவில்லை. குழூஉக்குறி என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்த்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். ஒரு கூட்டத்துக்குள் பொருந்திவிட்டால் அதுவே தகுதி என்ற அந்த முடிவு மிக நேர்மையானது.

போல்டில் பழைய பொருளின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. எடுப்பாகத் தெரியும் தடித்த எழுத்தும் அச்சகத்தில் போல்டுதான். 'சிக்' அப்படியல்ல. நோயுற்ற என்று பாடநூலில் படித்த சொல், ஆங்கில இளைஞர் வாயில் பிரமாதம் என்றாகிறது. கெடுத்தவனிடம் 'நல்ல உதவி செய்தாய்' என்பதை விபரீத லட்சணை என்பர் வடமொழி அணி நூலார். ஆனால் அங்கே கேட்பவர் நேர்ப்பொருளைத் தொட்டுத்தான் எதிர்ப்பொருளுக்குப் போகிறார். 'சிக்' என்று மெச்சுகிறவருக்கு நோயின் நினைவே வருவதில்லை.

இன்னும் ஒருபடி மேலே போவது 'ஃபிளேவர்'. போடிக்கு அருகே பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, எதிர்ப்பால் கட்டப்படாமல் நிற்கும் ஆய்வகம் ஆராய இருந்தது நியூட்ரினோ என்ற நுண்துகளை. அதற்கு எலெக்ட்ரான், மியூவான், டாவ் என மூன்று ஃபிளேவர். போகும் வழியில் ஒன்று மற்றொன்றாக மாறும். மலைமேல் விளையும் ஏலக்காயின் ஃபிளேவரை நாக்கு அறியும். இதில் நாக்குக்கு வேலையே இல்லை. இயற்பியலாளர்கள் முர்ரே கெல்-மானும் ஹரால்ட் ஃபிரிட்ஷும் ஐஸ்கிரீம் கடை ஒன்றைக் கண்டு, குவார்க் என்ற நுண்துகளின் வகைகளுக்கு முதலில் வைத்த பெயர் அது. இவ்வளவு வெளிப்படையான ஏற்பாட்டின் முன் நையாயிகர் கட்சியே வெல்கிறது.

என்றாலும் மீமாம்சகர் சொன்னதில் ஒன்று மிஞ்சுகிறது. ஏற்பாட்டைத் தனியொருவர் மாற்ற முடியாது. ஏலத்தில் சிறுகாயைப் போல்டு என்று எவரும் விற்றுவிட முடியாது; புதிதாக வருபவருக்கு அந்தச் சொல், அவர் பிறப்பதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது போல அசையாமல் நிற்கிறது.