பால்மாத் தீர்வையும் லயத்துப் பசுவும்

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. மலையகத் தோட்டங்களில் அப்பொருள் இன்னும் வழக்கிழந்துவிடவில்லை. நாட்சம்பளம் போதாத குடும்பங்கள் பலவற்றிற்கு லயத்தருகே கட்டிய ஒன்றிரண்டு பசுக்களே கைகொடுக்கின்றன. ஆயினும், காலையிற் பசும்பாலை விற்றுவிட்டு, மாலைத் தேநீருக்குப் பால்மாப் பொதி வாங்கும் இல்லங்களும் உண்டு. ஆங்கு விற்போரும் வாங்குவோரும் ஒருவரே. இறக்குமதிப் பால்மாவின்மீது அரசு தீர்வை விதிக்குமிடத்து, இவர்களுக்கு அது செய்வது நன்மையா, தீமையா? இவ்வினா பொருளியலோடு அமையாது அறவியலையும் சார்வதாகும்.

மலிவு இருவகைப்படும். நியூசிலாந்து 1984 ஆம் ஆண்டு தொடங்கிக் கமத்தொழில் மானியங்களைக் களைந்த நாடு. அதன் பால்மா மலிவாயிருத்தற்குப் பரந்த புல்வெளிகள் முதற்காரணம். மற்றொரு வகை மலிவோ திறைசேரியிற் பிறப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 ஜனவரியிற் பாற்பொருள்களுக்கு ஏற்றுமதி மானியத்தை மீண்டும் வழங்கியது. தன்னாட்டுக் கமக்காரரைக் காக்கும் அச்செயல் உலகச் சந்தை விலையைத் தாழ்த்திப் பிறநாட்டு எளியோரின் வருவாயைக் குறைக்க வல்லது. இத்தகைய மானியங்களை ஒழிக்க, உலக வர்த்தக நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2015 இல் நைரோபியில் உடன்பட்டன. மானியத்தால் வந்த மலிவைத் தீர்வையால் தடுப்பது தற்காப்பு எனலாம். புல்லால் வந்த மலிவைத் தடுப்பதற்கோ வேறு நியாயம் வேண்டும். அத்தீர்வையின் சுமை பெரிதும் பொதி வாங்கும் தாயின் தலையிலேயே விழுகின்றது.

அந்த நியாயம் யாதென்பதற்கு அயல்நாடாகிய இந்தியா ஒரு சான்று. 1970 இல் அங்கு தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தில், ஐரோப்பா நன்கொடையாய் அளித்த பால்மாவைப் பாலாக்கி நகரங்களில் விற்றனர். அப்பணத்தைப் பாற் கூட்டுறவுகளை வளர்க்கச் செலவிட்டனர். நுகர்வோர் கொடுத்தது உற்பத்தியாளரைச் சென்றடைந்தது.

இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ்ப் பால்மாவின்மீது விதிக்கப்பட்ட அறவீடு அரசின் பொது வருமானத்தோடு கலந்தது. விலை உயர்வு தானாகவே பாலுற்பத்தியைப் பெருக்கும் என்பாரும் உளர். 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கியதும் இறக்குமதிப் பால்மா ஒரு கிலோ 945 ரூபாவிலிருந்து 1,195 ரூபாவாக உயர்ந்தது. ஆனால், விலை உயர்ந்தமையாற் புல் முளைப்பதில்லை. அம்பேவெலப் பெரும்பண்ணைக்கு மேய்ச்சல் நிலம் உண்டு. லயத்துப் பசுவிற்கு இல்லை. வேலை முடிந்தபின் ஓடைக்கரையிலும் தெருவோரத்திலும் அறுத்த புற்கட்டே அதன் உணவு. நிலமில்லாதவர் இரண்டாவது பசுவை எங்ஙனம் வளர்ப்பார்? பால்மாவின் விலையேற்றம் மட்டும் அவரைத் தவறாது வந்தடைகின்றது.

ஆகவே, தீர்வை நல்லதா என்னும் வினாவினும், அது யாரிடமிருந்து பெறப்பட்டு யாரைச் சென்றடைகின்றது என்னும் வினாவே முதன்மையானது. தேயிலை கைவிடப்பட்டுக் காடாய்க் கிடக்கும் நிலத்திற் சிறுபகுதியேனும் புல் வளர்க்கத் தொழிலாளருக்கு உரித்தாகுமாயின், தீர்வை அறமாகும். அன்றேல், உள்நாட்டு உற்பத்தியின் பெயரால் ஏழையின் தேநீர்க் கோப்பையில் விதித்த வரியாகவே அது எஞ்சும்.