பொருளறியாது ஓதுதல்

எம் தந்தையார் வெள்ளி இரவு தவறாமல் யாஸீன் ஓதியவர். பகலெல்லாம் செம்பனைக் குலை அறுத்துக் களைத்த உடம்பு. மாலையிற் குளித்து, வெள்ளைத் தொப்பி அணிந்து, அந்த 83 வசனங்களையும் பிழையின்றி ஓதி முடித்த பின்னரே உணவிற் கை வைப்பார். அவற்றுள் ஒரு சொல்லுக்கேனும் அவருக்குப் பொருள் தெரியாது. இறுதி நோயிற் கிடந்தபோது, அருகிலிருந்து ஓதிய எம்மைக் கையமர்த்தி, “தம்பி, இதில் என்னதான் சொல்லியிருக்கிறது?” என்று கேட்டார். ஆங்கிலப் பள்ளியிற் படித்து, தோட்டத்து ஆபீசில் கிராணி என்று நாற்காலியில் அமர்ந்திருக்கும் யாம் விடை தெரியாது விழித்தோம். மூன்றாம் நாள் அவரை அடக்கம் செய்தோம்.

பொருளறியாது ஓதுவதாற் பயன் உண்டோ என்னும் வினா அன்று எம் உள்ளத்திற் பிறந்தது.

சீர்திருத்தம் பேசும் நண்பர் சிலர் இதனைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவர். அவ்வளவு எளிதில் தள்ளத் தக்கதன்று. உலக முஸ்லிம்களிற் பெரும்பாலோர்க்குத் தாய்மொழி அரபு அன்று. எமது தோட்டத்துச் சூராவில் மலாய்க்காரரும், ஜாவாக்காரரும், வங்காள தேசத்துத் தொழிலாளியும், தமிழரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு அரைகுறையாகவே விளங்கும். ஆயினும் இமாம் ஓதத் தொடங்கியதும் அனைவர்க்கும் அடுத்த சொல் தெரிந்திருக்கிறது. துருக்கியில் 1932இல் பாங்கைத் துருக்கி மொழியிலேயே சொல்ல வேண்டுமென்று அரசு புகுத்தியது; 1950இல் அரபுக்கு இருந்த தடை நீங்கியதும் மக்கள் பழைய பாங்குக்கே திரும்பினர். சட்டத்தாற் பிடுங்கி எறியக் கூடியதன்று அவ்வோசை. எம் தந்தையார் ஓதி முடித்து எழும்போது அவர் முகத்தில் இருந்த அமைதியை யாம் கண்டிருக்கிறோம். அதனை வீண் என்று சொல்ல எமக்கு நாவெழவில்லை.

ஆயினும், ஓசை போதும், பொருள் வேண்டா என்பதற்கு இவை சான்றாகா. ஓர் எழுத்தை ஓதினாற் பத்து நன்மை என்னும் நபிமொழியை எடுத்துக் காட்டுவோர் உளர். யாம் அதனை மறுக்கவில்லை. எழுத்துக்கு நன்மை உண்டெனின், கருத்துக்கு இல்லையென்று யார் சொன்னது? விளங்கிக் கொள்ளும் பொருட்டே அரபு மொழியில் இறக்கப்பட்டதாக, யூசுப் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவ்வேதமே காரணங் கூறுகிறது. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அபூ ஹனீபா, தொழுகையிற்கூடப் பாரசீகத்தில் ஓதலாம் என்று கருதினார். அவருடைய மாணாக்கர் இருவர், அரபில் ஓத இயலாதவர்க்கு மட்டுமே அது தகும் என்றனர். பின்னர் ஆசிரியரும் மாணாக்கர் கருத்துக்கே வந்தார் என்பர். முடிவு எதுவாயினும் ஆகுக. இவ்வினாவை எழுப்புவதே பாவம் என்று அப்பெரியோர் கருதவில்லை.

நம் முன்னோரும் அவ்வாறு கருதியவரல்லர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அறபுத் தமிழ் எதற்காகத் தோன்றியது? ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே பெண்டிரும் எளியவரும் மார்க்கத்தைத் தாய்மொழியில் விளங்கிக் கொள்ளட்டும் என்றல்லவோ அதில் நூல்கள் இயற்றினர்! அப்துல் ஹமீது பாகவி தமிழிற் பெயர்த்த குர்ஆனின் முதற் பகுதி 1929இல் வெளிவந்தது. அதன் பின் வந்த பெயர்ப்புகள் பல. நூல் கிடைக்கவில்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை.

எமது மேசைமுன் தினமும் காண்பதொன்றைச் சொல்லுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத முதியவரிடம் ஒரு தாளை நீட்டினால், “படித்துச் சொல்லுங்கள், கிராணியாரே” என்று கேட்டு, விளங்கிய பின்னரே கைநாட்டு வைப்பார். ஐந்து வெள்ளி பிடித்தம் என்றாலும் காரணம் கேட்பார்; கேட்பதே முறை. அதே முதியவர், தம்மைப் படைத்தவன் விடுத்த ஓலை என்று தாம் நம்புவதை ஆயிரம் முறை ஓதியும் அதன் கருத்தைக் கேட்பதில்லை. குற்றம் அவருடையதன்று. சிறுவயதில் யாம் ஓதும் பள்ளியிற் பொருள் கேட்டோம். அதிகப்பிரசங்கி என்ற பட்டமும் பிரம்படியும் கிடைத்தன. ஆங்கிலப் பள்ளியிலோ பொருள் சொல்லத் தெரியாததற்குப் பிரம்படி. (பிரம்பு மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே.) கேளாதிருத்தலே பயபக்தி என்று பிஞ்சு நெஞ்சிற் பதித்தவர்களே இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள். அப்படிப்பட்ட பயபக்தியில் வளர்ந்து, வளர்ந்த பின்னும் நூலைத் திறவாதிருந்த எமக்கும் அதிற் பங்குண்டு.

நாற்பதாம் நாள் பாத்திஹா கழிந்த பின், யாஸீனைத் தமிழில் வாசித்தோம். ஊரின் கோடியிலிருந்து ஒருவர் ஓடிவந்து, தூதர்களைப் பின்பற்றுங்கள் என்று தம் மக்களிடம் மன்றாடுகிறார். செத்துக் கிடந்த பூமி உயிர்பெற்றுத் தானியம் தருகிறது. நிலவு படிப்படியாகத் தேய்ந்து, காய்ந்து வளைந்த பழைய பேரீச்சங் குலைக்காம்பு போலாகிறது. அவ்விடத்தில் எமக்கு மேலே படிக்க இயலவில்லை. காலமெல்லாம் குலைக்காம்பை அறுத்த மனிதரன்றோ எம் தந்தையார்! வெள்ளிதோறும் அவ்வுவமையைத் தம் நாவாற் சொல்லியும், அது தம் கைக்குப் பழகிய பொருளைப் போன்றதென்று அறியாமலே போய்விட்டார்.

இப்பொழுது வெள்ளி இரவில் எம் வீட்டில் முதலில் அரபில் ஓதுகிறோம். பின்னர் அதே பக்கத்தைத் தமிழில் வாசிக்கிறோம். நிலவைப் பற்றிய இடம் வந்தபோது எம் தாயார் நிறுத்தச் சொல்லி, மீண்டும் ஒரு முறை படிக்கச் செய்தார்.

“உன் அத்தா கேட்டிருந்தால், ஒரு காம்பையே கொண்டுவந்து காட்டியிருப்பார்” என்றார்.