குந்த முடியாத காலம்

இடுப்பு மூட்டை மாற்றினால் அடுத்த நாளே நடக்க வைத்துவிடுகிறார்கள். நடப்பது பெரிய காரியமில்லை, உட்காருவதுதான் பாடு! மலேசியாவின் புக்கிட் காத்தில் பக்கம் குனிந்து பால் மரம் வெட்டிய குடும்பங்களில் குந்துவதும் சம்மணம் போடுவதும் தானாக வருபவை. அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்கு இரண்டும் வேண்டாம் என்பார்கள் பெரும்பாலான மருத்துவர்கள். உட்கார்ந்தால் முட்டி இடுப்புக்கு மேலே போகக்கூடாது. அதனால் வீட்டுக்கு வருமுன் கழிப்பறையில் உயரமான இருக்கை தேவை. பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்துக்குப் பதில் அதை வாங்கி வரலாம்.

ஐம்பது வயதுக்காரரின் கேள்வி வேறு: எத்தனை வருஷம் தாங்கும்? இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டில் முதலில் பொருத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. மனிதர் டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிச் சோதித்தார். 1962-இல் கெட்டியான பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்று பாதிக்கும் மேற்பட்ட மூட்டுகள் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. ஐம்பதில் மாற்றுகிறவருக்கு மறு அறுவை வரும் வாய்ப்பு எழுபதில் மாற்றுகிறவரைவிட அதிகம்; அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடலாம்.

அறுவைக்குப் பிறகு நடக்கும்போது கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில். படியேற நல்ல கால் முதலில், இறங்க அறுவை செய்த கால்.