தேன் இருந்த பீப்பாய்

1

சாயங்காலம் ஐந்தரை. மரக்காணம் உப்பளத்தில் ஆட்கள் கரையேறிவிட்டார்கள். பாத்திகளின் மேல் இனி வெயிலும் காற்றும்தான் வேலை பார்க்க வேண்டும். வரப்பில் குந்தியிருந்த பெரியவர் ஒரு பாத்தியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "இன்னும் ரெண்டு நாள் ஆவும் சார்." பிறகு எனக்காக, உப்புநீரின் அடர்த்தியை டிகிரியில் காட்டும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டார். 23 காட்டியது. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். 25 தொட்டால் உப்பு விளையத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் மக்னீசியம் ஏறிக் கசந்துபோகும். குழாய் நாக்கோடு ஒத்துப்போனதில் அவருக்கு வியப்பில்லை.

2

வீட்டில் மூன்று சிறு குப்பிகள். அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் வைத்துவிட்டுப் போனவை. மூன்றுக்கும் அடிப்படை பர்பன் விஸ்கி. தானியத்தில் 51 விழுக்காடாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் கலனில்தான் ஊற வேண்டும், நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. அந்த நாட்டுச் சட்டம் அப்படி.

முதல் குப்பியில் இருந்தது வெறும் பர்பன். இரண்டாவது, நாஷ்வில் நகரத்து பெல் மீட். பர்பன் வடித்த காலிப் பீப்பாய் தேன்காரரிடம் போனது. அவர் அதில் தேனைக் கிடத்தி எடுத்தார். திரும்பி வந்த பீப்பாயில், முன்பே ஊறி முடிந்த பர்பன். மரம் முதலில் தேனுக்குக் கொடுத்தது, பிறகு தேனிடம் வாங்கியதைச் சாராயத்துக்குக் கொடுத்தது. மூன்றாவது, டெக்சாஸின் கேரிசன் பிரதர்ஸ். அவர்கள் ஓக் துண்டுகளைத் தேனில் ஊறவைத்து, அந்தத் துண்டுகளைப் பர்பனில் போடுகிறார்கள்.

3

நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: மணம், நாக்கு, நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு மடக்குக்கும் குறைவு. நடுவில் வெந்நீர்.

முதலாவது: அடிப்பிடித்த வெல்லப்பாகு, நெடுநாள் பூட்டியிருந்த மரப் பீரோ. தொண்டையில் மிளகு.

இரண்டாவது: தேன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. முதலில் மரம், பிறகு காரம். விழுங்கி மூச்சு விட்டபோது மூக்கின் பின்பக்கம் தேனடையின் மெழுகு வாசம். இனிப்பு என்று நாக்கால் பிடிக்க முடியவில்லை. காலி டம்ளரில்தான் தேன் அதிகம். மறுநாள் காலையில் மோந்தபோதும் போகவில்லை.

மூன்றாவது: நாக்கு நுனியிலேயே இனிப்பு. பாட்டி தேனில் குழைத்துத் தடவிவிட்ட திப்பிலிச் சூரணம் ஞாபகம் வந்தது. பழக எளிது. ஆனால் சீக்கிரம் எழுந்து போய்விடுகிறது.

எனக்கு இரண்டாவதுதான். தேடவைத்ததால் இருக்கலாம்.

4

மதுவை இப்படி முதிரவைப்பது அமெரிக்காக்காரர் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். திருமுருகாற்றுப்படையில் மலைவாழ் கானவர் குடிப்பது, நீண்ட மூங்கிலில் முதிரவைத்த தேன் கள். மூங்கில்தான் அவர்களுக்குப் பீப்பாய். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தில், நுளையர் வீட்டுப் பெண் அரித்தெடுத்த பழைய தேறல் மீனோடு பாணர்களுக்குக் கிடைக்கிறது. அந்த எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. இந்தக் கடற்கரையில் முதிர்ந்த மதுவின் ருசி தெரிந்த நாக்குகள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக இருக்கின்றன.

5

பீப்பாயில் வருஷம் ஏறஏறச் சரக்கு குறையும். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு ஆவியாகிறது என்பார்கள். பெங்களூரில் பத்தைத் தாண்டும். உப்பளத்தில் போவது தண்ணீர், நிற்பது உப்பு. இரண்டிலும் ஆவியாக விட்டுவிட்டுக் காத்திருக்கத்தான் ஆள் வேண்டும். எத்தனை நாள் என்று சொல்பவர் வரப்பிலோ கிடங்கிலோ உட்கார்ந்திருக்கிறார். குடிப்பவன் அவரைப் பார்ப்பதில்லை.

6

இதுவரை எழுதியதை நிறுத்திவிட்டு ஒருநாள் சும்மா இருந்தேன். மரக்காணத்தில் உட்கார்ந்து சாராயத்தின் மணத்தைப் பற்றி எழுதுகிறவன் எக்கியார்குப்பத்தைத் தாண்டிப் போக முடியாது.

2023 மே மாதம், பக்கத்திலுள்ள அந்த மீனவக் குப்பத்தில் விற்ற சாராயத்தில் இருந்தது மெத்தனால். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்குவதற்குள் பல மணி நேரம் கடந்திருக்கும். அதற்கு முறிவாக மருத்துவமனையில் எத்தனாலையே, அதாவது நல்ல சாராயத்தின் சாரத்தையே, கொடுப்பதும் உண்டு. கலந்து கொடுத்தால் இரண்டையும் நாக்கால் பிரிக்க முடியாது.

பீப்பாயில் தேன் இருந்ததா, துண்டில் இருந்ததா என்று பிரித்துச் சொன்ன இதே நாக்கு அங்கே ஒன்றும் சொல்லியிருக்காது. என் மூன்று கட்டங்களும் நாக்கை மட்டும் நம்பி நிரம்பியவை அல்ல. குப்பியின் மேல் ஒட்டிய சீட்டை நம்பிய பிறகு நிரம்பியவை. நாள் முழுக்க வலை இழுத்தவனுக்கு அந்தச் சீட்டு கிடையாது. விற்றவனின் முகம்தான் சீட்டு.

7

இரண்டு நாள் கழித்துப் போனேன். பாத்தியில் உப்பு விளைந்திருந்தது. பெரியவர் பலகையால் வாரிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த நல்ல நாக்கு அவருடையது. ஆனாலும் இரண்டாவது குப்பியைக் காலியாகத்தான் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி மோந்தார்.

"தேனு மாதிரி இருக்கு சார்."

"தேன் வைத்த பீப்பாயில் ஊறியது."

மறுபடி மோந்தார். மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தார்.

"எக்கியார்குப்பத்திலயும் மோந்துபாத்துட்டுத்தான் சார் குடிச்சிருப்பானுங்க."

பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.